முனக முடியாத சோலோ

கிட்டார் பெட்டியைத் திறந்தால் இன்னும் தைலம் மணக்கிறது. நீ போய் இரண்டாவது வருடம் நடக்கிறது. பெட்டியை வெயிலில் காயவைத்துப் பார்த்தேன், உள்ளே ஒட்டியிருந்த வெல்வெட் துணியை ஈரத்துணியால் துடைத்தும் பார்த்தேன். மணம் போகவில்லை. மேடையேறும் முன் ஒவ்வொரு விரலுக்கும் தைலம் தேய்த்து, மிச்சத்தை மூக்கில் தடவிக்கொண்டு, "இப்ப வரச் சொல்லு பாப்போம்" என்று எழுந்து நிற்பாயே, அதே மணம். இன்று காலை அது மூக்கில் ஏறியதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று கையில் இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் கிடைத்தது. இதைச் சொல்லாமல் எனக்கு ரொட்டி இறங்காது, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். இடது கை விரல் நுனியெல்லாம் வீங்கியிருப்பதால் தாளை முழங்கையால் அழுத்திப் பிடித்திருக்கிறேன். எழுத்து கோணினால் சிரித்துக்கொள்.

செய்தியை இப்போதே சொல்ல மாட்டேன். எப்போதும் நீதான் ஓடுவாய், நான் மெதுவாக வருவேன். இன்றைக்கும் அப்படியே வருகிறேன்.

நீ என் சித்தப்பா மகள். என்னைவிட மூன்று மாதம் இளையவள். அதனால் உனக்கு என்னிடம் மரியாதை கொஞ்சமும் கிடையாது. சாதாரண நாளில் "டேய்", கோபம் வந்தால் மட்டும் "அண்ணே". கந்தப்பளைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே வரிசை வீடுகளில் ஒரு வாசல் தள்ளி வளர்ந்தோம். நான் தேயிலை ஃபேக்டரிக்கு வேலைக்குப் போன நேரத்தில் என் கிட்டாரை எடுத்து நீயாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டாய். நான் திரும்பி வரும்போதெல்லாம் கம்பி சூடாக இருக்கும். நாம் நாலைந்து பேர் சேர்ந்து கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று வாசிக்கத் தொடங்கியபோது, லீட் கிட்டார் யாருக்கு என்று ஒருவரும் யோசிக்கவே இல்லை. உனக்கு லீட், எனக்கு ரிதம். பாட்டுக்கு நடுவே ஒன்றிரண்டு சின்ன சோலோ எனக்கும் விட்டுக்கொடுத்தீர்கள். கிட்டார் என்னுடையது என்பதற்காக இருக்கலாம்.

அந்தச் சின்ன சோலோவை வைத்துக்கொண்டு நான் என்ன ஆட்டம் ஆடினேன்! நாலே நாலு சுரம். ஒன்றைத் தொட்டு, கொஞ்சம் இழுத்து, விட்டு, அடுத்ததைத் தொடுவேன். விசில் பறக்கும். ஒரு திருவிழாவில் கோயில் கமிட்டித் தலைவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் சோலோவுக்கும் கூட்டம் வாயைப் பிளந்துதான் நிற்கும், ஆனால் எல்லோரும் உன் விரலைத்தான் பார்ப்பார்கள். பாம்பாட்டியைச் சுற்றி நிற்பது போல நிற்பார்கள் என்று நான் கேலி செய்வேன்.

அட்டனிலிருந்து வேனில் திரும்பி வந்த அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஆம்ப் என் மடியில், டிரம் உன் காலடியில். நான் பிரசங்கத்தை ஆரம்பித்தேன்.

"நல்ல சோலோன்னா வீட்டுக்குப் போற வழியில சனம் அத முனகிக்கிட்டே போகணும். என்னோடத முனகுறாங்க. ஒன்னோடத யாரு முனகுவா சொல்லு? வாய் சுளுக்கிக்கும். கொஞ்சம் மூச்சு விட எடம் குடு புள்ள."

நீ சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு திரும்பினாய்.

"அண்ணே" என்றாய். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இன்றைக்கு வசமாக மாட்டினேன் என்று. "நீங்க நாலு சுரம் வாசிச்சா 'ஆகா, என்னா எளிமை'ங்கிறாங்க. அதே நாலு சுரத்த நான் வாசிச்சா 'பொம்பளப் புள்ளைக்கு அவ்வளவுதான் வரும்'ங்கிறாங்க. எளிமையா வாசிக்கிறதுக்கும் மொதல்ல ஒரு தகுதி வேணும்ணே. அத எனக்கு இன்னும் யாரும் குடுக்கல."

டிரைவர்கூடக் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். கந்தப்பளை வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அது பெரிய சாதனை என்று என் வீட்டுக்காரி, உன் மதினி, இன்றுவரை சொல்வாள்.

ஆனால் நீ நிரூபிப்பதற்காக மட்டும்தான் கம்பியில் அப்படி ஓடினாயா? இல்லை. தையல் கடை வேலை முடிந்து டவுனிலிருந்து வந்ததும், ஆம்ப் இல்லாமல், பார்க்க ஒரு ஆள் இல்லாமல், வாசல் படியில் உட்கார்ந்து அதே ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பாய். விரல் தடுக்கினால் தனியாகச் சிரிப்பாய். ஓட்டம் சரியாக விழுந்த அன்றைக்கும் அதே சிரிப்புதான். உனக்கு அது பிடித்திருந்தது. மலையில் சரிவாக ஒரு பாதை கண்டால் குழந்தைகள் ஓடி இறங்கத்தானே பார்க்கும், அவ்வளவுதான். இதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

குளிர்தான் உனக்கு எதிரி. எனக்கென்ன, நாலு சுரத்துக்கு விரல் மரத்துப்போனாலும் சமாளிக்கலாம். உனக்கு அப்படியில்லை. திருவிழாவில் தப்புப் பறை அடிப்பவர்கள் மேடைக்குப் பக்கத்தில் மிலாறு போட்டு நெருப்பு மூட்டியிருப்பார்கள். கவ்வாத்தில் கழித்துப்போட்ட தேயிலைக் குச்சிதானே, பச்சையாக இருந்தால் புகையும், காய்ந்ததென்றால் நின்று எரியும். பனியில் தொய்ந்த தப்பை அந்தச் சூட்டில் காட்டிக் காட்டி அடித்துப் பார்ப்பார்கள். நீ நேரே போய் அவர்கள் நடுவில் குந்தி, இரண்டு கையையும் நெருப்புக்கு நீட்டுவாய். "தங்கச்சிக்கும் தோலு காயணும், எடம் விடுங்கடா" என்று பெரிய தப்புக்காரர் சொல்வார். அங்கே உட்கார்ந்து அவர்கள் சோதித்துப் பார்க்கும் அடியையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு வந்து கம்பியில் ஏற்றுவாய். எந்த அடி எதற்கானது என்று மட்டும் கேட்க மாட்டாய்.

அதன் பலனை வட்டவளைக் கல்யாணத்தில் பார்த்தோம்.

தாலி கட்டி முடிந்து, சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. சின்னஞ்சிறுசுகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நீ புது சோலோ ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தாய், எங்களுக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லை. நன்றாகத்தான் தொடங்கியது. போகப் போக வேகம் ஏறியது, அடி ஒன்று வளைந்து வளைந்து உள்ளே நுழைந்தது. எனக்குத் தெரிந்த அடியாக இருக்கிறதே என்று நினைத்தேன். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். பந்தியில் இருந்த வயசானவர்கள் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார்.

"யார் வீட்டு எழவும்மா இது? பொண்ணு கழுத்துல ஏறின தாலியில மஞ்சக்கூட காயல!"

சாவு வீட்டில் பிணம் எடுக்கும்போது அடிக்கிற அடி! அதைத்தான் நீ அத்தனை அழகாக, அத்தனை சிக்கலாகக் கல்யாண வீட்டில் வாசித்துக்கொண்டிருந்தாய். கீபோர்டுக்காரன் கையை எடுத்துவிட்டான். நான் உன்னைப் பார்த்தேன். உன் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் நிறுத்தவில்லை. ஒரே ஒரு சுரத்தைப் பிடித்து, அதை விடாமல் நடுங்கவைத்துக்கொண்டே நின்றாய். இழுத்தாய், இழுத்தாய், என் பக்கம் திரும்பினாய். அதுவரை மேடையில் நீ என்னிடம் உதவி கேட்டதே இல்லை.

எனக்கு வாசிக்கத் தெரிந்த தப்பு அடி ஒன்றுதான். தேர் இழுக்கும்போது அடிப்பது. அதை ரிதமில் போட்டேன். நீ அந்த ஒற்றைச் சுரத்திலிருந்து ஒரு குதி குதித்து அதற்குள் விழுந்தாய் பார், அப்பா! அதே வேகம், அதே வளைவு, ஆனால் இப்போது முழுக்கத் திருவிழா. தாய்மாமன் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். முதலில் அவர் தோள் ஆடியது. பிறகு அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. மடித்துக் கட்டிய வேட்டி அதற்கும் வசதியாகப் போனது.

அன்றைக்குத் தப்பிப்பதற்காகப் பிடித்த அந்த ஒற்றைச் சுரத்தை நீ பிறகு விடவே இல்லை. சாவு அடியை எடுத்துவிட்டாய். முதலில் கொஞ்சம் வேகம், பிறகு அந்த நீண்ட ஒற்றைச் சுரம், பிறகு ஓட்டம். அதுதான் உன் சோலோ என்று ஊரெல்லாம் ஆனது. "பாத்தியா, அதுல நிக்குது பாரு ஒரு சுரம், அதுதான் சோலோ, மத்ததெல்லாம் மசாலா" என்று நான் சொல்வேன். "மசாலா இல்லாம நீயே கறி தின்னு" என்பாய்.

உன்னை எடுத்துக்கொண்டு போனபோது தப்புக்காரர்கள் அந்தச் சாவு அடியைத்தான் அடித்தார்கள். எனக்கு வட்டவளை ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன், பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியவில்லை.

அதற்கு முன்னால், நுவரெலியா ஆஸ்பத்திரியில், நானும் நீயும் மட்டும் இருந்த ஒரு மத்தியானம். உன் இடது கை போர்வையின்மேல் எதையோ வாசித்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடியபடி கேட்டாய்.

"டேய், நெஜமாவே அத ஒருத்தருமே முனகினதில்லையாடா?"

வேனில் நான் விட்ட வார்த்தையை இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறாய். "மொதல்ல எந்திரிச்சு வா, ஊரக் கூட்டிக் கேட்டுடுவோம்" என்றேன். நீ சிரித்தாய். எழுந்து வரவில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டது.

இந்த வருடத் திருவிழாவுக்கு உன் ஞாபகமாக உன் பாட்டை வாசிக்க வேண்டும் என்று கமிட்டியில் கேட்டார்கள். சந்தோஷமாகச் சரியென்றேன். உடனே ஒருவர், "அந்தக் கிட்டார் பகுதிய மட்டும் சுருக்கிக்கிடுங்க தம்பி. அந்தப் புள்ள என்னமோ வேகமா உருட்டும், அது யாருக்கு வெளங்குச்சு? நீங்க ஒங்க பாணியில நாலு சுரம் வாசிங்க, போதும்" என்றார். கீபோர்டுக்காரனும் தலையாட்டினான். எனக்கு வந்ததே கோபம்! வாழ்க்கை முழுக்க நான் சொன்ன வசனம்தான் அது. அடுத்தவன் வாயில் கேட்டபோதுதான் எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. "முழுசா வாசிப்பேன். ஒரு சுரம் கொறஞ்சாலும் மேடையேற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டு வாசலுக்கு வந்தபிறகுதான், எதை வாசிப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தோம் என்று உறைத்தது. நான் மறுத்தால் உன் சோலோ சுருங்கிவிடும். நான் சொதப்பினால், அது வெறும் உருட்டல்தான் என்று அவர்கள் சொன்னது உண்மையாகிவிடும்.

ஃபோனில் இருந்த பழைய ரெக்கோடிங்கை வேகம் குறைத்துப் போட்டுக் கேட்டேன். மெதுவாக ஓடவிட்டபோதுதான், அடிப்பாவி, எனக்கு விளங்கியது. அந்த ஓட்டத்தில் சிக்கலே இல்லை. ஒவ்வொரு துண்டும் நான் வாசிக்கிற மாதிரி மூன்று சுரம், நாலு சுரம்தான். அத்தனை எளிமையையும் இடைவெளி விடாமல் ஒன்றோடொன்று கோத்திருக்கிறாய். தெரிந்துகொள்வது சுலபமாக இருந்தது, வாசிப்பதுதான் முடியவில்லை. மழை மாதம் முழுக்க முயன்றேன். முதல் பகுதி வந்தது. ஒற்றைச் சுரம் அது பாட்டுக்கு வந்தது. ஓட்டம் மட்டும் ஒருநாள் வரும், மறுநாள் காணாமல் போகும். உன் மதினி பார்த்துக்கொண்டே போவாள், வருவாள். இப்போது நினைத்தால் அந்தப் பார்வைக்கு அர்த்தம் இருந்திருக்கிறது.

நேற்றுத் திருவிழா. மூன்று மணிக்கே பனி இறங்கிவிட்டது. மைக் நனைகிறது என்று ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்து வைத்தார்கள். நுவரெலியாவிலிருந்து வந்த சவுண்ட்காரர் என்னைப் பார்த்ததும், "நங்கிகே எக கஹனவாத?" என்று சிங்களத்தில் கேட்டார். தங்கச்சியோடதை வாசிக்கப் போகிறீர்களா என்று. ஆமாம் என்றதும் அவராகவே என் ஆம்பின் சத்தத்தைக் கூட்டி வைத்தார். நான் தப்புக்காரர்களின் நெருப்புக்குப் போனேன். பெரியவர் நகர்ந்து இடம் விட்டார். நீ குந்தும் இடம். உன் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு கையை நீட்டினேன்.

பாட்டு தொடங்கி, என் முறை வந்து, முதல் பகுதி தடங்கலில்லாமல் போனது. நானே ஆச்சரியப்பட்டேன். ஒற்றைச் சுரத்துக்கு வந்தேன். பிடித்தேன். நடுங்கவைத்தேன். இனி ஓட்டம். விரல் நகரவில்லை. நெருப்பில் காய்ந்த சூடெல்லாம் எங்கே போனதோ, சுண்டுவிரல் விறைத்துக்கிடந்தது. சுரத்தை இன்னும் இழுத்தேன். நீ வட்டவளையில் திரும்பிப் பார்த்தது போல நானும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அங்கே பொலித்தீன் மூடிய மைக் ஒன்று நின்றது. சுருக்கச் சொன்ன கமிட்டிக்காரர் மேடையோரமாகத் தலையை ஆட்டுவது தெரிந்தது.

இப்போது கேள். இதுதான் செய்தி.

முன்னால் உரச் சாக்கை விரித்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு கொழுந்து எடுக்கும் பொம்பளையாட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குள்ளிருந்து ஒரு குரல். "தன்னன்ன தானன தனதன தானன்ன..." என் ஓட்டத்தின் முதல் துண்டு. உன் ஓட்டத்தின்! இரண்டாவது துண்டுக்குப் பத்துப் பேர் சேர்ந்தார்கள். மூன்றாவதுக்கு அந்த வரிசை முழுக்கச் சேர்ந்துவிட்டது. ஒரு வளைவு பிசகவில்லை. நாக்கு எங்கேயும் சுளுக்கவில்லை. பாடும்போது சால்வைக்குள்ளிருந்து வந்த கைகள் இரண்டும் மடிக்கு மேலே கொழுந்து கிள்ளுவது போல் ஆடிக்கொண்டிருந்தன. நடுவில் உன் மதினி, கண்ணை மூடிக்கொண்டு!

நான் எப்படி வாசித்தேன் என்று கேட்காதே. அவர்கள் முன்னால் போனார்கள், நான் பின்னால் ஓடினேன். விரல் எப்போது இளகியது என்றே தெரியாது. முடிந்தபோது தப்புக்காரர்கள் யாரும் சொல்லாமலேயே தேர் அடியை எடுத்துவிட்டார்கள். சவுண்ட்காரர் தன் இடத்தைவிட்டு எழுந்து நின்று கைதட்டினார். கமிட்டிக்காரர் முகத்தைப் பார்க்க எனக்கு நேரமில்லை. பார்த்திருக்கலாம், உனக்குச் சொல்ல நன்றாக இருந்திருக்கும்.

இன்று காலை, உன் மதினி அடுப்படியில் மாவு பிசையும்போது கேட்டேன். "எப்ப இருந்து இது?"

"எப்பவுமேதான்" என்றாள். "தராசுல கொழுந்து நிறுத்துட்டு வாறப்ப அவ வாசல்ல ஒக்காந்து வாசிச்சிக்கிட்டு இருப்பா. கேட்டுக்கிட்டே வருவோம். மறுநாள் மலையில ஆளுக்கொரு நெரை புடிச்சதும் ஒருத்தி ஆரம்பிப்பா, எல்லாரும் புடிச்சிக்குவோம். கை ஓடுற வேகத்துக்கு அதுதான் சரியா வருது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? அத யாராலயும் முனக முடியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சவர்கிட்ட போயி என்னத்த சொல்றது?"

"அவகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமே."

அவள் கை நின்றது. "அவளுக்குத் தெரியும்னுதான் நெனச்சோம்" என்றாள். "அவ வாசிக்கிறத நாங்க பாடுறோம். இதுல சொல்றதுக்கு என்னா இருக்குன்னு இருந்துட்டோம்."

நீ டவுன் கடைக்குப் போனவள், மலைக்கு ஏறவில்லை. நான் ஃபேக்டரிக்குள் இயந்திரச் சத்தத்தில் இருந்தவன். நம் தலைக்கு மேலே இத்தனை வருடமாக அந்த மலை உன் சோலோவைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று ஆஸ்பத்திரியில் நீ கேட்டபோது இவள் பக்கத்தில் இருந்திருக்கக் கூடாதா! அதை நினைத்தால் அழுகை வருகிறது. அழுதபடியே குதிக்கவும் தோன்றுகிறது. இரண்டும் ஒன்றாக வருவதை நான் என்ன செய்ய?

சும்மா இருக்க முடியாமல், "சரி, என் நாலு சுரத்த பாடினதில்லையா?" என்று கேட்டுவைத்தேன்.

"ஒருநாள் பாடிப் பாத்தோம்" என்றாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுக்குக் கொழுந்து எடுத்தா கிலோ சேராது, அன்னைக்கு அரைப் பேருதான் விழும்."

அரைநாள் சம்பளத்துக்கான சோலோ! கேட்டாயா? நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய், ஆயுசு முழுக்க அந்தப் பெயரைச் சொல்லியே என்னைக் கூப்பிட்டிருப்பாய்.

இன்னும் முடியவில்லை. ரொட்டியைத் தட்டிக்கொண்டே, "நேத்து கடைசி எடத்துல ஒரு சுத்து விட்டுட்டீங்க. அது ரெண்டு தடவ வரும்" என்றாள். இல்லவே இல்லை என்று சண்டை போட்டேன். மழை மாதம் முழுக்கக் கேட்டவன் நான். ஃபோனை எடுத்து, வேகம் குறைத்து, காதோடு வைத்துக் கேட்டேன். இரண்டு தடவைதான் வருகிறது.

அதற்காகத்தான் இப்போது பெட்டியைத் திறந்தேன், தைலம் மணத்தது, உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்ததும் வீங்கின விரலுக்கு இன்னொரு தடவை தேய்த்துக்கொண்டு முதலிலிருந்து வாசிக்கப் போகிறேன். அடுத்த திருவிழாவுக்குள் அந்தச் சுற்று இரண்டு தடவை வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சாக்கு வரிசை என்னை மேடையிலிருந்து இறக்கிவிடும்.

ஒருத்தருமே முனகினதில்லையா என்று கேட்டாயே. பதில் அடுப்படியில் முனகியபடி ரொட்டி தட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு சுற்றுகூட விடாமல்.